டாக்டர் படிப்பும் இரண்டு மாநிலத்துப் பிள்ளைகளும்

பிள்ளை டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட இந்த நாட்டில் யாருக்கும் தடை கிடையாது. மனுப் போடும் இடத்தில்தான் தடை. அதிலும் பிழைப்புக்காக மாநிலம் விட்டு மாநிலம் வந்த நம்மைப் போன்றவர்களுக்கு, தடை எங்கே இருக்கிறது என்பதே மனு தள்ளுபடியான பிறகுதான் தெரிய வருகிறது. ஆண்டுதோறும் ஜூன் மாதம் நீட் முடிவு வந்ததும் நம் சங்கத்துக்கு வரும் பெற்றோரில் பாதிப் பேர், மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைத்தான் அன்று கேட்கிறார்கள். அது அவர்கள் குற்றமல்ல. இந்த விதிகளை எழுதியவர்கள் நம்மை மனதில் வைத்து எழுதவில்லை. ஆகவே இந்த இதழில் அதை விரிவாகவே எழுதுகிறோம்.

நம் நாட்டில் மருத்துவம் 12ஆம் வகுப்பு முடித்த கையோடு சேரும் படிப்பு. அமெரிக்காவில் முதலில் நான்கு ஆண்டு பட்டப்படிப்பு, அதன் பிறகு நான்கு ஆண்டு மருத்துவம். இரண்டையும் ஒன்றாக இணைத்து பள்ளி முடித்தவுடனேயே இடம் கொடுக்கும் பல்கலைக்கழகங்களும் அங்கே சில உண்டு. இங்கே அந்தப் பிரிவினையே இல்லை. எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டு கட்டாயப் பயிற்சி, ஆக ஐந்தரை ஆண்டு. இதனால் முடிவு 17 வயதில் எடுக்கப்படுகிறது. ஆனால் புலம்பெயர்ந்த குடும்பத்துக்கு 17 வயது என்பதும் தாமதம். பிள்ளை 6ஆம் வகுப்பில் காலெடுத்து வைக்கும் போதே அதன் தலையெழுத்தில் பாதி எழுதப்பட்டு விடுகிறது. எப்படி என்று பார்ப்போம்.

அரசு மருத்துவக் கல்லூரி இடங்களில் 15 சதவிகிதம் அகில இந்திய ஒதுக்கீடு. மீதி 85 சதவிகிதம் அந்தந்த மாநிலத்தாருக்கு. இந்த 15 சதவிகிதம் மத்திய சர்க்கார் தானாகக் கொடுத்த சலுகை அல்ல. 1984-இல் பிரதீப் ஜெயின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பிலிருந்து பிறந்தது. 15 என்ற அளவு 1986-இல் வந்தது. மாநில எல்லையைப் பார்க்காமல் மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும் பங்கு இது ஒன்றுதான். இதில் நம் பிள்ளைக்கு எந்த ஊரில் படித்தாலும் உரிமை உண்டு. சிக்கல் அந்த 85-இல் இருக்கிறது.

மகாராஷ்டிராவின் 85-இல் பங்கு கேட்க, பிள்ளை 10ஆம் வகுப்பையும் 12ஆம் வகுப்பையும் மகாராஷ்டிராவிலேயே தேறியிருக்க வேண்டும். டொமிசைல் சான்றும் வேண்டும். தமிழ்நாட்டில் 6 முதல் 12 வரை அங்கேயே படித்தவனுக்குத் தொல்லை இல்லை. வெளியே படித்தவன், பூர்வீகத்தால் தமிழ்நாட்டான் என்று நேட்டிவிட்டி சான்றும் பெற்றோரின் ஆவணங்களும் காட்ட வேண்டும். பெங்களூரில் உள்ள நம்மவர்களுக்குக் கணக்கு வேறு: கர்நாடகத்தில் ஏழு ஆண்டுகள் முழுமையாகப் படித்து, எஸ்.எஸ்.எல்.சி. அல்லது இரண்டாம் பி.யு.சி. அங்கே தேறியிருக்க வேண்டும்.

இப்போது தாராவியிலும் சீத்தா கேம்ப்பிலும் சயான் கோலிவாடாவிலும் நடப்பதைப் பாருங்கள். பெண் பிள்ளை 10ஆம் வகுப்பு முடித்தாயிற்று. வயது வந்த பெண்ணை இந்தச் சந்தில் வைத்திருக்க மனமில்லை. ஊரில் ஆச்சி தனியாக இருக்கிறாள். அங்கே 11, 12 படிக்கட்டும் என்று திருநெல்வேலிக்கு ரயில் ஏற்றி விடுகிறார்கள். நல்லெண்ணத்தில் செய்வதுதான். ஆனால் அந்த ஒரு டிக்கெட்டில் அவளுடைய மகாராஷ்டிர உரிமை போய்விட்டது, ஏனென்றால் 12ஆம் வகுப்பு இங்கே இல்லை. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் சேர்ந்திருந்தாலும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவிகித உள் ஒதுக்கீடும் அவளுக்கு இல்லை. 2020-இல் வந்த அந்தச் சட்டம் 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்கிறது. மிஞ்சுவது நேட்டிவிட்டி சான்றை வைத்துப் பொதுப் பட்டியலில் போட்டி போடுவது. அந்தச் சான்றுக்கு அப்பனுடைய பள்ளிச் சான்று, ரேஷன் கார்டு போன்ற ஆதாரங்களைக் கேட்கிறார்கள். அப்பன் பள்ளிக்கே போகாதவன். ரேஷன் கார்டு மும்பைக்கு மாறி இருபது ஆண்டாகிறது. தாசில்தார் ஆபீஸில் என்ன சொல்வார்கள்? “நீங்கள் மும்பைக்காரர்கள் ஆயிற்றே!” என்பார்கள். இங்கே நம்மை மதராஸி என்கிறார்கள்.

ஆகவே முதல் வார்த்தை இதுதான்: பிள்ளையை ஊருக்கு அனுப்புவதானால் 6ஆம் வகுப்புக்கு முன்னே அனுப்புங்கள், இல்லையேல் 12 முடியும் வரை இங்கேயே வைத்திருங்கள். நடுவில் மாற்றாதீர்கள். குடும்பத்தைப் பிரிக்கச் சொல்லும் இந்த யோசனையை எழுத எங்களுக்கே கை கூசுகிறது. பத்து வயதுப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்தால்தான் 7.5-இல் பங்கு என்பது என்ன நியாயம்? ஆனால் விதி இன்று அப்படித்தான் இருக்கிறது.

10, 12 இரண்டையும் மும்பையில் முடித்த பிள்ளைக்கு ஒரு தேர்வு இருக்கிறது. மகாராஷ்டிராவின் மாநிலப் பங்கில் நிற்பதா, தமிழ்நாட்டுப் பூர்வீகத்தைக் காட்டி அங்கே நிற்பதா? இரண்டு மாநிலத்திலும் பூர்வீகம் கோர முடியாது. அப்படிக் கோரினால் தமிழ்நாட்டில் மனு தள்ளுபடியாகும். இதில் சாதிச் சான்று பெரிய விஷயம். தமிழ்நாட்டில் 69 சதவிகித இட ஒதுக்கீடு இருக்கிறது. ஆதிதிராவிடர், பிற்பட்டோர், மிகவும் பிற்பட்டோர் பிள்ளைகளுக்கு அங்கே பங்கு உண்டு. அதே பிள்ளை மகாராஷ்டிராவில் மனுப் போட்டால் பொதுப் பிரிவு. ஏன் என்று கேட்பவர்கள் ஒரு வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த வழக்கே பம்பாய் மருத்துவக் கல்லூரி இடத்துக்காக நடந்ததுதான். ஆந்திராவில் பழங்குடி என்று சான்று பெற்ற ஒரு குடும்பம். தகப்பனார் மத்திய சர்க்காரின் உர நிறுவனத்தில் வேலை கிடைத்துப் பம்பாய்க்கு வந்தவர். மகன் இங்கே படித்து, பரேலில் உள்ள சேட் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் பழங்குடியினருக்கான இடம் கேட்டார். கிடைக்கவில்லை. சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன அமர்வு 1990-இல் தீர்ப்புச் சொன்னது: ஒரு மாநிலத்தில் பட்டியலில் உள்ளவர் மற்றொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், பட்டியல் உரிமை அவரோடு பெயராது. 1994-இலும் 2018-இலும் அதே நிலையை அந்தக் கோர்ட்டு உறுதிப்படுத்திவிட்டது. மகாராஷ்டிராவிலேயே சாதிச் சான்று வேண்டுமானால், அந்தச் சாதி இந்த மாநிலப் பட்டியலிலும் இருக்க வேண்டும். பட்டியல் சாதியினர் 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே குடும்பம் இங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். பிற்பட்டோருக்கு அந்தத் தேதி 1967 அக்டோபர் 13. தோல் பட்டறைகளுக்கு முதல் தலைமுறையில் வந்தவர்களின் பேரப் பிள்ளைகளில் சிலருக்குத் தாத்தாவின் பழைய ரசீதோ பள்ளிப் பதிவோ இருக்கலாம். தகரப் பெட்டியைத் தேடிப் பாருங்கள். மற்றவர்களுக்கு அந்த வழி அடைபட்டது.

சாதிக் கொடுமை மட்டும் ரயிலேறி நம்மோடு வருகிறது. சாதிக்கு ஈடாகக் கொடுத்த உரிமை எல்லையிலேயே இறங்கிக்கொள்கிறது. ஊரில் எந்தத் தெருவில் இருந்தோமோ, தாராவியிலும் அதே கணக்கில்தான் சந்துகள் பிரிந்தன என்பது நம்மவர்க்குத் தெரியாததல்ல.

ஒரு ஆறுதல் உண்டு. அகில இந்திய 15 சதவிகிதத்தில் தமிழ்நாட்டுச் சாதிச் சான்று செல்லும். ஆதிதிராவிடர், பழங்குடியினரில் தகப்பனார் தமிழ்நாட்டில் வாங்கிய சான்று இருந்தால், அதன் பேரில் குடியேறிய மாநிலத்திலேயே பிள்ளைக்குச் சான்று கொடுக்கலாம் என்று 1982-லேயே மத்திய உள்துறை உத்தரவு இருக்கிறது. அந்தச் சான்று சொந்த மாநிலத்திலும் மத்திய இடங்களிலும்தான் பயன்படும். பிற்பட்டோருக்கு மத்தியப் படிவத்தில் ஓ.பி.சி. சான்று வேண்டும். அகில இந்தியப் பங்கில் ஓ.பி.சி.க்கு 27 சதவிகிதம் என்பது 2021-இல்தான் வந்தது. அதற்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்காடியது தமிழ்நாட்டுக் கட்சிகளும் அரசும்தான். பலன் நாடு முழுவதும் கிடைத்தது. இதை இங்குள்ள வேறு மொழி நண்பர்களிடம் சொல்லுங்கள், பலருக்குத் தெரியாது.

இன்னொரு அநீதியைச் சொல்ல வேண்டும். அது எங்களில் பலருக்கு லாபமானது என்பதால் முதலில் நாங்களே சொல்வது முறை. மத்திய சர்க்கார் ஊழியர், ராணுவத்தார் இவர்கள் இடமாற்றம் ஆனால், அவர்கள் பிள்ளைகளுக்குப் பல மாநிலங்களின் விதிகளில் படிப்பு நிபந்தனையிலிருந்து விலக்கு இருக்கிறது. எந்த ஊரில் படித்தாலும் பாதகமில்லை என்பது போல ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நியாயம்தான், மாற்றல் உத்தரவு வந்தால் குமாஸ்தா போகத்தான் வேண்டும். ஆனால் மழை பொய்த்து, பட்டறை மூடி, கடன்காரன் வாசலில் நின்று ஊரை விட்டு வந்த கூலிக்காரனுக்கு வந்ததும் உத்தரவுதானே? வயிறு போட்ட உத்தரவு. அதில் கெஜட் முத்திரை இல்லை என்பதால் அவன் மகளுக்கு விலக்கு இல்லை. சம்பளமும் குவார்ட்டர்ஸும் உள்ளவனுக்குக் கதவு திறக்கிறது. இரண்டும் இல்லாதவனுக்குச் சாத்துகிறது.

ரயில்வே என்றதும் ஒன்று நினைவு வருகிறது. 2009 ரயில்வே பட்ஜெட்டில் சென்னை உள்ளிட்ட பல ஊர்களில் ரயில்வே ஆஸ்பத்திரிகளோடு சேர்த்து மருத்துவக் கல்லூரிகள் கட்டப்போவதாக அறிவித்தார்கள். கைதட்டினோம். கல்லூரி வரவில்லை. தனி ரயில்வே பட்ஜெட்டே 2017-இல் போய்விட்டது.

ஆனால் தொழிலாளிக்கென்றே ஒரு வழி இருக்கிறது. அதைத்தான் நம்மவர் அதிகம் தவற விடுகிறார்கள். ஈ.எஸ்.ஐ. கழகம் நடத்தும் மருத்துவக் கல்லூரிகள் சென்னை கே.கே. நகர், பெங்களூர் ராஜாஜி நகர், கலபுரகி, ஐதராபாத், ஃபரீதாபாத் முதலிய இடங்களில் இருக்கின்றன. அவற்றில் காப்பீடு பெற்ற தொழிலாளியின் பிள்ளைகளுக்கென்று தனி இடங்கள் உண்டு. மாநிலம் பார்ப்பதில்லை. நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும். காப்பீட்டாளரின் பிள்ளை என்ற சான்றை ஈ.எஸ்.ஐ. கழகத்திடம் முன்கூட்டியே வாங்க வேண்டும். பிறகு அகில இந்தியக் கலந்தாய்விலேயே அந்தப் பிரிவில் மனுச் செய்ய வேண்டும். பொது இடத்துக்குத் தேவைப்படுவதை விடக் குறைந்த மதிப்பெண்ணிலும் இதில் இடம் கிடைத்திருக்கிறது.

இங்கேதான் முதலாளியின் கைவரிசை வருகிறது. கூலியில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் செய்கிறான், கட்டுவதில்லை. அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை காண்ட்ராக்டர் பெயரை மாற்றிப் புதிய எண் கொடுக்கிறான். தொடர்ச்சி அறுந்து போகிறது. தொடர்ச்சியும் சந்தா நாட்களும் இல்லாவிட்டால் சான்று கிடையாது. பட்டறையில் பிடித்தம் செய்யாத முதலாளி, ஒரு மாத்திரைச் செலவைத் திருடுகிறான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவன் ஒரு மருத்துவக் கல்லூரி இடத்தையே திருடுகிறான். சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா, அது ஒரே எண்ணாகத் தொடர்கிறதா என்று இந்த மாதமே பாருங்கள். தொழிற்சங்கக் கூட்டத்தில் போனஸுக்குக் கொடுக்கும் நேரத்தில் கால் பங்கை இதற்குக் கொடுங்கள்.

இனி, கையில் கொஞ்சம் பணம் சேர்த்தவர்களைத் தேடி வரும் ஆபத்தைப் பற்றி. வெளிநாட்டு மருத்துவம். நீட்டில் தகுதி பெற்று, இடம் கிடைக்காத பிள்ளையின் வீட்டுக்கு ஏஜெண்டு தானாக வருகிறான். அவன் விற்ற சரக்குகளில் ஒன்று ‘பி.எஸ். - எம்.டி.’ என்ற இணைந்த பட்டம். பிலிப்பைன்ஸில் முதலில் பி.எஸ். என்று ஒரு பட்டம், பிறகு நான்கு ஆண்டு எம்.டி.; இரண்டும் சேர்த்து ஒரே கட்டணம், ஒரே விசா, இரண்டு பட்டம். கேட்கும்போது இனிக்கிறது. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் போனார்கள். 2021 நவம்பர் 18-இல் தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதியை வெளியிட்டது: வெளிநாட்டில் மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதங்கள், ஒரே கல்லூரியில், அங்கேயே 12 மாதப் பயிற்சி, இங்கே வந்து மேலும் 12 மாதம். பி.எஸ். என்பது மருத்துவம் அல்ல, அதைக் கணக்கில் எடுக்க முடியாது என்றார்கள். எம்.டி. நான்கு ஆண்டு என்றால் 48 மாதம். ஆறு மாதம் குறைகிறது! அந்தத் தேதிக்கு முன்பே எம்.டி.யில் சேர்ந்துவிட்டவர்கள் தப்பினார்கள். பி.எஸ்.ஸில் இருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். ஏஜெண்டு அடுத்த நாட்டுக்குப் பலகை மாற்றி எழுதிக்கொண்டான்.

ஆகவே இணைந்த பட்டம், இரட்டைப் பட்டம் என்று எவன் வந்தாலும் முதல் கேள்வி: இதில் மருத்துவப் படிப்பு மட்டும் எத்தனை மாதம்? பாடம் ஆங்கிலத்திலா? அந்த நாட்டில் டாக்டராகப் பதிவு செய்து தொழில் செய்ய உரிமை உண்டா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொல்வதற்குக் கையெழுத்துப் போடத் தயங்குபவனை வாசலோடு அனுப்பி விடுங்கள். திரும்பி வந்த பிறகும் தகுதித் தேர்வு இருக்கிறது. 300-க்கு 150 எடுக்க வேண்டும். பல தடவைகளில் எழுதியவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கே தேறியிருக்கிறார்கள். 2018 முதல் வெளிநாட்டுக்குப் போகவும் நீட் தகுதி கட்டாயம் என்பதையும் மறைத்துவிட்டுப் பணம் வாங்குபவர்கள் உண்டு. ஊர் நிலத்தை விற்கும் முன் ஒருமுறை சங்கத்துக்கு வாருங்கள்.

உள்நாட்டுத் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களைப் பற்றிப் பேச அதிகமில்லை. ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டும் இடங்கள் உண்டு. வங்கிக் கடனில் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஈடு கேட்கிறார்கள். பட்டா இல்லாத குடிசையை எந்த வங்கி ஈடாக வாங்கும்? ஆனால் கலந்தாய்வில் ஒரு பொறி இருக்கிறது. அகில இந்தியக் கலந்தாய்வுக்குப் பதிவு செய்யும்போது நிகர்நிலை இடத்தையும் ‘இருக்கட்டுமே’ என்று குறித்தால், 2 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை கேட்கும். அரசு இடத்துக்கு மட்டும் என்றால் 10,000. ஆதிதிராவிடர், பழங்குடியினர், ஓ.பி.சி.க்கு 5,000. முதல் சுற்றில் கிடைத்த இடத்தை வேண்டாம் என்றால் நஷ்டமில்லை. இரண்டாம் சுற்றில் கிடைத்த இடத்தில் சேராவிட்டால் வைப்புத்தொகை போய்விடும். கட்ட முடியாத கல்லூரியைப் பட்டியலில் எழுதவே எழுதாதீர்கள்.

மற்றபடி பட்டியலை உண்மையான விருப்ப வரிசையில் எழுத வேண்டும். ‘இது நமக்குக் கிடைக்காது, மேலே போட்டால் கீழே உள்ளதும் போய்விடும்’ என்று பலர் பயப்படுகிறார்கள். போகாது. தரவரிசைப்படி ஒவ்வொருவருக்கும், அவர் எழுதிய வரிசையில் எது முதலில் காலியாக இருக்கிறதோ அது தரப்படும். எய்ம்ஸ் கல்லூரிகளில் கட்டணம் மொத்தப் படிப்புக்கும் சில ஆயிரம் ரூபாய்தான். பூனாவில் உள்ள ராணுவ மருத்துவக் கல்லூரியில் செலவு முழுவதும் சர்க்காருடையது. பிறகு ராணுவ மருத்துவப் பணியில் சேர வேண்டும். மாநிலக் கல்லூரிகளிலும் பல இடங்களில் கட்டாயப் பணி ஒப்பந்தம் உண்டு. ஏழை வீட்டுப் பிள்ளை அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து. படித்து முடித்தவுடன் வேலை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒப்பந்தத்தை மீறினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

மொழி விஷயம் ஒன்று. நீட் 13 மொழிகளில் நடக்கிறது, தமிழும் உண்டு. ஆனால் தமிழ் வினாத்தாள் தமிழ்நாடு, புதுச்சேரி போன்ற இடங்களின் மையங்களில்தான். மும்பையில் எழுதும் பிள்ளைக்குத் தமிழ் கிடையாது. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் தொடங்கிய பிள்ளைகள் 8ஆம் வகுப்புக்குள் ஆங்கில அறிவியல் சொற்களில் கால் ஊன்றிவிட வேண்டும். அதற்காகத் தமிழ்ப் பள்ளியிலிருந்து பிள்ளையை எடுத்துவிடச் சொல்லவில்லை. மாலை வகுப்பு வையுங்கள் என்கிறோம்.

நீட்டே வேண்டாம் என்று போராடும்போது இதெல்லாம் எதற்கு என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். நீட் வேண்டாம் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2017-இல் அரியலூர் மாவட்டத்து மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா, 1200-க்கு 1176 எடுத்தும் இடமின்றிப் போனதை மறக்க முடியாது. 2021-இல் தமிழ்நாடு சட்டமன்றம் விலக்கு மசோதா நிறைவேற்றியது. கவர்னர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேற்றினார்கள். குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. போராட்டம் முடியவில்லை. அந்த மசோதாவில் வேறு வாரியத்தில் படித்தவர்களின் மதிப்பெண்ணைச் சமப்படுத்தும் முறை சொல்லப்பட்டிருக்கிறது, அது நல்லது. ஆனால் நாளை நீட் ஒழிந்து பிளஸ் டூ மதிப்பெண் வந்தாலும், நம் பிள்ளை எந்த மாநிலத்தான் என்ற கேள்வி அப்படியேதான் நிற்கும்.

மாநிலம் தன் வரிப்பணத்தில் கட்டிய கல்லூரியில் தன் மக்களுக்கு முன்னுரிமை கேட்பதை நாம் எதிர்க்கவில்லை. 2025 ஜனவரியில் மேற்படிப்பு இடங்களில் வசிப்பிட ஒதுக்கீடு செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னபோது, அது ஏழைக்கு வந்த விடுதலை என்று நாம் கொண்டாடவுமில்லை. மாநில உரிமை வேண்டும். அந்த மாநிலத்தின் மக்கள் யார் என்ற கணக்கில் அதன் சாலையையும் செருப்பையும் செய்தவனைச் சேர்க்க வேண்டும் என்பதுதான் நம் வாதம். நம் மனு இரண்டு சர்க்காருக்கும் போகிறது. தமிழ்நாட்டு அரசிடம்: வேற்று மாநிலத்து மாநகராட்சி, அரசுப் பள்ளிகளில் படித்த தமிழ்த் தொழிலாளர் பிள்ளைகளையும் 7.5-க்குள் கொண்டு வரவேண்டும். நேட்டிவிட்டிக்குப் பள்ளிக்கே போகாத பெற்றோரின் ஆவணத்தைக் கேட்கக் கூடாது. மகாராஷ்டிர அரசிடம்: மாற்றலாகி வரும் ஊழியருக்குத் தரும் விலக்கைப் புலம்பெயர்ந்த தொழிலாளிக்கும் தரவேண்டும்.

மனுவின் நகல் சங்கத்தில் இருக்கிறது. ஞாயிறு காலை 10 மணிக்கு மேல் வரலாம். 5, 6ஆம் வகுப்பில் பிள்ளை உள்ளவர்கள் முதலில் வந்து கையெழுத்திடுங்கள். 12-இல் பிள்ளை உள்ளவர்களுக்கு நாம் கேட்பது இந்த ஆண்டு வந்து சேரப் போவதில்லை. அவர்கள் வரும்போது சாதிச் சான்று, ஈ.எஸ்.ஐ. அட்டை, 10ஆம் வகுப்புச் சான்று மூன்றையும் கையோடு கொண்டு வரட்டும். எந்த மாநிலத்தில் நிற்பது என்று உட்கார்ந்து பார்ப்போம்.